குழாய் போட்டு இறுக்கிய நட்டு

அமிர்தவள்ளிக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது என்று ஆம்பூரில் அவளை வேலைக்கு வைத்துக்கொண்ட வீடுகள் எல்லாம் சொல்லும். அது பாதிதான் சரி. மலம், சீழ், வாந்தி எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. சோப்பும் தண்ணீரும் இருந்தால் தீர்ந்துபோகிற சமாசாரம். ஆனால் ஒரு வேலையைத் தப்பும் தவறுமாகச் செய்துவிட்டு மார் தட்டிக்கொள்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு அடிவயிறு புரட்டும்.

காட்பாடியில் நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்து, ஆஸ்பத்திரி வார்டுகளில் தலை நரைத்து, புருஷன் போன பிறகு வீடுகளில் நோயாளி பார்க்க வந்தவள். இப்போது அன்வரி பேகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பேகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் வேலூருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மகன் ஃபைஸான் ஊருக்கு வெளியே சின்னதாகத் தோல் பதனிடும் டேனரி நடத்துகிறான். அம்மா போய்வருவதற்கென்றே ஒரு வேன் வாங்கி, பின்னால் சாய்ந்து உட்கார மெத்தையும் தைத்துப் போட்டான். நல்ல பிள்ளை. பக்ரீத் வரும்வரை நல்ல பிள்ளை.

பக்ரீத்துக்கு வெட்டிய ஆடுகளின் தோலை எடுக்க வர வேண்டிய லாரி வரவில்லை. வெயிலில் தோல் கெட்டுவிடும் என்று மெத்தையைக் கழற்றி வீசிவிட்டு, உப்புப் போட்ட ஆட்டுத்தோலை அம்மாவின் வேனில் அடுக்கினான். ஒரு வாரம் தெருத்தெருவாக அதே ஓட்டம். ரத்தமும் உப்புத் தண்ணீரும் தரை இடுக்கு வழியாக ஒழுகிச் சக்கரங்களில் வழிந்தன. அந்த வாரம் பேகமும் அமிர்தவள்ளியும் வாடகைக் காரில் போய்வந்தார்கள். கடைசியில் ஒரு நாள் காரும் கிடைக்காமல் டயாலிசிஸ் தவறியது.

வேன் திரும்பி வந்தபோது அமிர்தவள்ளி முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு முறை ஃபினாயில் ஊற்றிக் கழுவினாள். "ரெண்டு நாள்ல வாடை போய்டும்கா" என்றான் டிரைவர் ஜியாவுதீன். போகவில்லை. அந்த வாடையோடுதான் மறுநாள் காலை பேகத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

மாதனூர் தாண்டியதும் முன்சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டது. ஜியாவுதீன் ஓரம் கட்டினான்.

"பஞ்சர்தான்கா. பத்தே நிமிஷம்."

அமிர்தவள்ளி மடக்கு நாற்காலியைப் புளியமரத்தடியில் விரித்து, பேகத்தை இறக்கி உட்கார வைத்தாள்.

"இன்னா வள்ளி, பிக்னிக் கூட்டினு வந்தியா?" என்றார் பேகம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. அமிர்தவள்ளி குனிந்து அவர் கணுக்காலை விரலால் அழுத்தினாள். மாவில் பதிந்ததுபோல் குழி விழுந்து அப்படியே நின்றது. ஒரு தடவை தவறியதில் உடம்பு முழுக்கத் தண்ணீர். இன்னொரு தடவை தவறினால் அது நுரையீரலுக்கு ஏறும்.

டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன் போட்டாள். "ஒன்பது மணி வரைக்கும் மெஷினை வெச்சிருக்கோம்மா. அப்புறம் அடுத்த பேஷண்ட்டுக்குப் போய்டும்" என்றது அந்தப் பக்கம்.

இந்தப் பக்கம் ஜியாவுதீன் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கியிருந்தான். ஸ்பேனரை மாட்டித் திருப்பினால் நட்டு திரும்பவில்லை, சக்கரம் திரும்பியது. ஸ்பேனர் மேல் காலை வைத்து எம்பினான். அது வழுக்கிக்கொண்டு வந்து அவன் முழங்காலைப் பெயர்த்தது. நட்டின் முனை ஒன்று மழுங்கிப்போனது.

பைக்கில் போன இரண்டு பேர் நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா பாய், வெல்டிங் வெச்சிட்டியா?" என்றான் ஒருவன். மற்றவன் இறங்கி வந்து, தானும் ஒரு முறை எம்பி, தானும் வழுக்கி, பேகத்தின் வீங்கிய கால்களையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனான். அமிர்தவள்ளி நாற்காலிக்கு முன்னால் வந்து மறைத்து நின்றாள்.

"யார்டா இப்படி இறுக்குனது?"

ஜியாவுதீன் தலையைச் சொறிந்தான். "தோல் பாரத்துல சக்கரம் ஆடுச்சுக்கா. டேனரியில தோல் ஊறப்போடுற டிரம்முக்கு ரிப்பேர் பாக்குற கௌதம் இருக்கான்ல, அவன் ஸ்பேனர்ல ஆள் ஒசரத்துக்குப் பைப்பை மாட்டி, மேல ஏறி நின்னு இறுக்குனான். இனிமே ஜென்மத்துக்கும் கழலாதுன்னான்."

"கழலாதுன்னு சொன்னப்ப நீ இன்னா பண்ண?"

"டீ வாங்கிக் குடுத்தேன்."

அமிர்தவள்ளிக்கு வாய்க்குள் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன் ஊறுமே அது. "அந்தப் பைப்பு எங்க?"

"டேனரியிலகா."

நாற்காலியிலிருந்து ஒரு இருமல் வந்தது. பேகம் சிரிக்கப் பார்த்து முடியாமல் போன சத்தம். உதட்டோரம் நிறம் மங்கியிருந்தது. அமிர்தவள்ளி 108ஐ அழைத்தாள். ஆம்புலன்ஸ் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். கை காட்டிய கார் எதுவும் நிற்கவில்லை. வேனின் வாடை காற்றில் அடித்தால் யார் நிறுத்துவார்கள்?

நின்றது அதைவிட நாறுகிற வண்டி. தோலிலிருந்து சுரண்டிய கொழுப்பையும் சதையையும் பசை ஃபாக்டரிக்கு ஏற்றிப் போகிற லாரி. ஈக்கள் ஒரு மேகம்போல் கூடவே வந்தன. டிரைவர் பாண்டியன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, சக்கரத்தைப் பார்த்தார், ஜியாவுதீனைப் பார்த்தார்.

"ஜாக்கிய எறக்கு தோஸ்த். சக்கரம் தரையில அழுந்தி நிக்காம நட்டு எப்படி அசையும்?"

லாரியிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்துவந்து ஸ்பேனரின் பிடியில் சொருகினார். நட்டுகளின் மேல் கொஞ்சம் ஆயிலை விட்டார். ஜியாவுதீன் குழாய் மேல் ஏறப் போனான்.

"ஏறிக் குதிக்காத! அதான் மொனை போச்சு. கைய வெச்சு நிதானமா பாரத்தக் குடு."

அமிர்தவள்ளியும் கொழுப்புப் படிந்த அந்தக் குழாயில் கை கொடுத்து அழுத்தினாள். முதல் நட்டு பன்றிக்குட்டிபோல் கத்திக்கொண்டு அசைந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. மழுங்கியதற்கு ஸ்பேனரைச் சுத்தியலால் அடித்து உட்கார்த்த வேண்டியிருந்தது. ஐந்தாவது, போல்ட்டோடு முறிந்து கையில் வந்தது. பாண்டியன் அதை முகர்ந்து பார்த்தார்.

"உப்பு தின்னுட்ச்சு. மிச்சத்த இறுக்குன ஆள் தின்னுட்டான். நாலு நட்டு போதும், மெதுவா போங்க."

ஸ்டெப்னி ஏறியது. நட்டுகளைப் போட்டதும் ஜியாவுதீன் என்ன செய்தான் தெரியுமா? குழாயை மறுபடி ஸ்பேனரில் மாட்டி, அதன் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

"எறங்குடா!" என்று அமிர்தவள்ளி கத்தியதில் லாரியின் ஈக்கள்கூட எழும்பின. "கையால இறுக்கு. நாளைக்கும் அம்மாவ மரத்தடியில உக்கார வெக்கப் போறியா?"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. அடுத்த நோயாளியும் வந்து காத்திருந்தார். பேகத்தின் மூச்சைப் பார்த்த சிஸ்டர் அவரை முதலில் படுக்க வைத்தாள். ஊசி ஏறி மெஷின் சுற்றத் தொடங்கியபின்தான் அமிர்தவள்ளி தன் கையைப் பார்த்தாள். துரு, ஆயில், கொழுப்பு. முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். மூக்கிலிருந்து அந்த நாற்றம் போகவில்லை.

மதியம் பேகத்தைச் சக்கர நாற்காலியில் கீழே கூட்டிவந்தாள். ஜியாவுதீன் பஞ்சர் ஒட்டி, புது போல்ட் போட்டு, பளிச்சென்று சிரித்துக்கொண்டு நின்றான்.

"பஞ்சர் கடையில, காத்துல சுத்துற மெஷின் வெச்சு இறுக்கச் சொல்லிட்டேன்கா. நல்லா டைட்டு!"

அமிர்தவள்ளி குனிந்து நட்டுகளைப் பார்த்தாள். "வண்டியில இருக்குற ஸ்பேனர எடு. ஒரு நட்டக் கழட்டு."

அவன் மாட்டினான், இழுத்தான், முகம் சிவந்தான். நட்டு அசையவில்லை.

"திரும்பிப் போ. உன் கையால கழட்டுற அளவுக்கு வெச்சு எடுத்துனு வா."

"வெயில்ல அம்மா பாவம்கா…"

"போடா" என்றார் பேகம். குரல் முழுதாக வந்தது. "எனக்கு இப்ப மூச்சு இருக்குது. உக்காந்துனு இருக்கேன்."

இப்போது டயாலிசிஸ் நாள் காலையில் அந்தத் தெருவில் போகிறவர்கள் பார்க்கலாம். வேனுக்குள் பேகத்தை ஏற்றுவதற்கு முன், ஜியாவுதீன் குந்தி உட்கார்ந்து சக்கரத்துக்கு ஒரு நட்டைக் கையால் கழற்றி மாட்ட வேண்டும். அமிர்தவள்ளி பெட்பேன் பையைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள். வேனின் சாவியும் அவள் இடுப்பில்தான். ஃபைஸான் ஒரு நாள் கேட்டுப் பார்த்தான், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான். தன் வேலையில் குறை கண்டுவிட்டார்களே என்று கௌதம் மனம் நொந்து சொல்லி அனுப்பினானாம்.

"முறிஞ்ச போல்ட் என்கிட்டதான் இருக்குது, வந்து வாங்கிட்டுப் போகச் சொல்லு" என்றாள் அமிர்தவள்ளி. அவன் இன்னும் வரவில்லை.