நாலாவது திருகாணி

நேற்று பக்கத்து வீட்டுத் தம்பி, பேட்டரியில் சுற்றும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து எங்கள் மிக்ஸியின் அடிமூடியைக் கழற்றப் பார்த்தான். விர்ரென்று ஒரு சத்தம். திருகாணியின் தலையில் இருந்த குழி மழுங்கிப்போனது. "விடுங்க அங்கிள், புதுசே வாங்கிடலாம்" என்றான். சூடான இரும்பின் வாசனை மட்டும் மூக்கில் நின்றது.

தேனாம்பேட்டையில் நான் வேலை பார்த்த ரிப்பேர் கடையிலும் இதே வாசனைதான். கூடவே துருவுக்கு விடும் மண்ணெண்ணெய், எதிரில் உட்கார்ந்து வேலை செய்யும் மல்லிகாவின் தலையெண்ணெய். அவள் கோட்டூர்புரத்து ஆற்றங்கரையிலிருந்து வருவாள். என் வயதுதான். பேச்சு எனக்கும் சேர்த்து அவளுக்கு.

பழைய பிளாஸ்டிக் மூடியென்றால் திருகாணியை முதலில் இடப்பக்கம் மெல்லச் சுற்ற வேண்டும். 'டொக்' என்று பழைய மரையின் பள்ளத்தில் விழும். அப்புறம்தான் வலப்பக்கம், கையைச் சற்றே தடுக்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மீறினால் மரை தேய்ந்துவிடும். நான் ஒரு மரையைக்கூடக் கெடுத்ததில்லை. வாய்க்கு வராத சாமர்த்தியம் விரலில் இருந்தது போலும்.

ஒரு வருஷம் ஆற்றங்கரைக் குடிசைகளையெல்லாம் காலி செய்து, அங்கிருந்தவர்களை அரசாங்கம் ஊருக்கு வெளியே அனுப்பியது. கிளம்பும் நாளில் மல்லிகா தன் வீட்டு ரேடியோவைக் கொண்டுவந்தாள். விட்டுப்போன ஒயரைப் பற்றவைத்து, மூன்று திருகாணிகளைப் போட்டேன். நாலாவதை முடுக்கினால் போய்விடுவாள். எங்கே குடி போகிறாய், வந்து பார்க்கலாமா என்று அதற்குள் கேட்டுவிட வேண்டும். முடுக்கினேன், கழற்றினேன், மறுபடி முடுக்கினேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம்.

"இன்னா நைனா, ஸ்க்ரூ போடுறியா, சீமந்தம் பண்றியா? அங்க லாரி நின்னுக்கினு கீது."

இன்னொரு சுற்று. திருகாணி பிடியில்லாமல் சுழன்றது.

"மரை பூட்ச்சா? உன் கையிலயா?" அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "எதுனா சொல்லணுமா?"

"பிளாஸ்டிக் பழசு" என்றேன்.

கொஞ்சம் நின்றாள். "சரி, ரப்பர் பேண்டு போட்டுக்கறேன்" என்று ரேடியோவை இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது நான் இன்னும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவேன். அந்த நாட்களில் கரை நெடுக அடுப்புப் புகையும் காயும் துணியுமாக இருக்கும். எது அவள் வீடு என்று தெரியாமல், தினம் ஒரு கூரையை அவளுடையதாக நினைத்துக்கொள்வேன். இப்போது கரை நெடுகக் கம்பிவேலிதான் ஓடுகிறது. நினைத்துக்கொள்ளக்கூட ஒரு கூரை இல்லை.