ஐயா கடித்த இலை

டீச்சர் வீட்டுக் குளியலறை வாசலில், நிலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு ஐயா நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. சரவணம்பட்டியில் மகன் கட்டிக்கொடுத்த புது வீடு. தரையும் சுவரும் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ். "ஆழமுங்க, கால் வெக்கமாட்டேன்" என்றார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் முற்றியிருந்தது. அந்தப் பளபளப்பு அவருக்குத் தண்ணீராகத் தெரிந்தது. குளித்துப் பதினொரு நாளாயிற்று என்று அவர் மனைவி, டீச்சர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சின்ன வயசுல தோட்டத்து வேலைக்குப் போனப்ப வாய்க்கால்லதான் குளிப்பாருங்க. செடி கொடி, கல்லுன்னு அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணித் தர முடியுங்களா அம்மணி?"

வீட்டு உள் அலங்கார வேலையை நான் தனியாக எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்த சமயம். முடியும் என்று சொல்லிவிட்டேனே தவிர, அவர் வழுக்கி விழுவது போலவே எந்நேரமும் மனதில் ஓடியது. சொரசொரப்பான கருங்கல் பதித்தோம். அதில் சோப்புத் தண்ணீரை ஊற்றி நானே வெறுங்காலுடன் பத்து முறை நடந்து பார்த்தேன். எட்டும் இடமெல்லாம் கைப்பிடி வைத்தோம். ஜன்னலைப் பெரிதாக்கி, அதன் கீழே சேம்பு போல அகன்ற, வெள்ளைப் புள்ளியிட்ட இலைச் செடிகளை வரிசையாக வைத்தேன். நிழலில் நன்றாக வரும் என்று நர்சரியில் சொன்னார்கள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை.

ஐயா முதல் நாளே தானாக உள்ளே போனார். ஐந்தாம் நாள் காலை டீச்சர் போன் செய்தார். "இலையக் கடிச்சுப்போட்டாருங்க. வாயெல்லாம் வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம்."

ஆட்டோவில் போகும்போதே அந்தச் செடியைப் பற்றி போனில் தேடிப் படித்தேன். அதன் பால் பட்டால் நாக்கு வீங்கும், சில நேரம் தொண்டையும் அடைக்கும் என்றிருந்தது. தொண்டை வரை வீக்கம் இறங்குகிறதா என்று சாயங்காலம் வரை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். "தப்பு என்னுதுங்க டீச்சர். விசாரிக்காம வெச்சுட்டேன்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மொதல்ல அவரு நல்லா மூச்சு விடோணும். அப்பறம் பேசிக்கலாமுங்க." அதன்பிறகு பெஞ்சில் அவர் அருகிலேயே உட்கார்ந்து, ஐயாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீக்கம் வடிந்தது. மறுநாள் தொட்டிகளை எல்லாம் வெளியே தூக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் வந்து நின்றார். "மொட்டையா உட்டுப்போட்டா மறுபடியும் உள்ள போகமாட்டாருங்க. தின்னாலும் ஒண்ணும் ஆகாததா வெச்சுக் குடுங்க." கற்பூரவள்ளி, வெற்றிலை, புதினா வைத்தேன்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் கேள்வி. வேலை முடிந்த வீட்டிலிருந்து காலையில் போன் வந்தால் இன்றும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

செடிகளை மாற்றிய மறுவாரம் பார்க்கப் போயிருந்தேன். ஐயா குளித்துவிட்டு, ஈரத்தலையுடன் வெளியே வந்தார். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கையிலிருந்த இலையை நீட்டினார். "தின்னு கண்ணு, சளிக்கு நல்லது."

கற்பூரவள்ளிதான். நானே வைத்தது. இருந்தும் இரண்டு முறை கசக்கி முகர்ந்து பார்த்தேன். நான் மென்று விழுங்கும்வரை அவர் நகரவில்லை.