நகத்தடியில் ஒரு சொட்டு எண்ணெய்

ராத்திரி விளக்கை அணைத்துத் தலையணையில் காதை வைத்தால் யாரோ நெல் குத்துகிற சத்தம் கேட்கிறது. பக்கத்தில் எட்டு மாதக் குழந்தை தூங்குகிறது. சத்தம் எனக்குள்ளிருந்துதான் வருகிறது. இருதய நோயாளிகளின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் உத்தியோகத்தில், அவர்கள் வியாதியெல்லாம் நமக்கும் இருப்பதாகத் தோன்றும்; டாக்டர்களிடம் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் எங்கள் டாக்டர் நெஞ்சுக் கோளாறுக்காரர்களின் மோதிரவிரலில், நகத்தடியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். தோலுக்கடியில் மயிரிழை மாதிரி ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசி வரிசையாய்த் தெரியும். சிலருக்கு அவை வீங்கி முறுக்கிக் கிடக்கும். ரத்தம் நின்று நின்று போகும். பெண்களின் விரலைப் பிடிக்கவும், கண்டதை இங்கிலீஷில் எழுதவும் கான்வென்டில் படித்த நான். மாடிப்படி ஏறினால் எனக்கே மூச்சு வாங்குவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இருதயக்காரி என்று பெயர் வந்தால் மாமியார் குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

காவல்

மருமக்கள்வழிக் குடும்பத்துக்குத் தலைவரான நாஞ்சில் நாட்டுக் காரணவர் ஒருவரை அவருடைய மருமகன், சகோதரி மகன், அழைத்து வந்தான். வீட்டில் சொத்துப் பாகம் பிரிக்கிற சமயம். விரலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்ததால், பெரியவர் இடது பெருவிரலில் துணியைச் சுற்றி முடிச்சுமேல் முடிச்சுப் போட்டு வந்திருந்தார். காயமா என்று கேட்டேன்.

"காயமில்ல தாயீ, காவல்."

மோதிரவிரல் போதும் என்றதும் அதை மட்டும் நீட்டினார். குழாய்கள் வீங்கித்தான் இருந்தன. எழுதக் காகிதத்தை எடுத்தேன். அவர் கை மடிக்குள் போய்விட்டது. காகிதத்தை அலமாரியில் வைத்த பிறகே விரல் திரும்பி வந்தது. போகும்போது என் காதருகே குனிந்து சொன்னார்: "எம் விரல எவ்வளவு வேணும்னாலும் பாரு மக்களே, ஆனா எம் மருமவன் பையில கைநாட்டு மைப்பெட்டி இருக்கான்னு முதல்ல பாரு."

மாமி கொண்டுவந்த எண்ணெய்

கோட்டைக்குள் அக்ரகாரத்து மாமி ஒருத்தி, எங்கள் சீசாவைப் பார்த்ததும் மூக்கைப் பொத்தினாள். தேவதாரு மரத்து எண்ணெய்தான் என்றேன். மீன் கொழுப்பு இல்லை என்று சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். நம்பவில்லை. மறுநாள் சின்னக் கிண்ணியில் தன் வீட்டுத் தேங்காயெண்ணெயோடு வந்தாள். டாக்டர் சிரித்துக்கொண்டே அதிலேயே பார்த்தார். அதிலும் நன்றாகவே தெரிந்தது.

நான் மாடிக்குப் போய்ப் பழைய குறிப்பை எடுத்து வந்தேன். மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். டாக்டர் காதில் விழும்படியாகவே கேட்டாள்: "நெஞ்சு வலிக்காரி நான் இங்க சும்மா உக்காந்திருக்கேன், நீ ஏண்டி கரையில போட்ட மீனாட்டம் வாயைத் திறக்கறே?"

என் முறை

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை நாளாய் இப்படி என்று கேட்டார். பிரசவத்திலிருந்து என்றேன். சொல்லும்போதே என் மோதிரவிரலில் எண்ணெயைத் தடவிக்கொண்டு நீட்டினேன். மாமி எழுந்து போகவில்லை; துணைக்கு இருக்கிறாளாம்.

டாக்டர் மைக்ராஸ்கோப் பக்கமே திரும்பவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என் விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இருதயத்தில் கோளாறில்லை, சோகை என்றார். இரும்புச்சத்து மருந்து எழுதினார். குழாய்களை ஒரு தடவை பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நகம் வெளுத்துக் கிடக்கு. ரத்தமே இல்லாத எடத்தில குழாயப் பார்த்து நான் என்ன செய்யட்டும் குட்டி?"

அவரும் மாமியும் போன பிறகு, நம்பாத நோயாளிகளைப் பற்றி இத்தனை எழுதுகிற நான், அந்த அறைக் கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, என் விரலை நானே மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தேன்.