ஏழு மாடி ஏறிய தண்ணீர்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த அந்தக் காகிதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அடுத்த மாதம் முதல் காலை பதினொன்றிலிருந்து மாலை ஐந்து வரை லிஃப்ட் ஓடாது என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி, கீழே செக்ரட்டரி அண்ணாச்சி கையெழுத்துப் போட்டிருந்தார். வாரத்தில் மூன்று நாள் சயான் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் முடித்துவிட்டு என் அண்ணன் வீடு திரும்புவது மத்தியானம் இரண்டு மணிக்கு. அண்ணன் வீடு ஆறாவது மாடி, என் வீடு மூன்றாவது. காகிதத்தைப் படித்த மைனி, அதாவது அண்ணன் மனைவி, அண்ணனுக்குச் சோறு வடிக்க மேலே போய்விட்டாள். நான்தான் அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனேன். "நான் என்னம்மா செய்ய? பொது மீட்டர் பில்லு கட்டி மாளல. மோட்டார நிறுத்தவா, லிஃப்ட நிறுத்தவா, நீயே சொல்லு" என்றார். தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் லிஃப்டுக்கும் ஒரே மீட்டர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மைனி சண்டை போடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் மோட்டார் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நாலு நாள் அப்படித்தான், மோட்டார் எப்போது ஓடுகிறது, எத்தனை தடவை ஓடுகிறது என்று பார்த்தபடி. "என்ன மைனி, மோட்டாருக்குக் காவலா?" என்று நானே கேலி செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்தவர்களைக் கீழேயே மறித்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து புடிச்ச தண்ணிய இன்னைக்கு விடிஞ்சதும் கொட்டிட்டு, புதுசா புடிக்கோம். எல்லா வீட்லயும் இதே கததான். ஏழு மாடிக்கு ஏத்தி, ஏத்துன தண்ணிய சாக்கடைல ஊத்துதோம். பெறவு மோட்டார் ஓடாம என்ன செய்யும்?"

அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது. தாராவிச் சந்துக்குள் இருந்த காலத்தில் காலையில் அரை மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அதற்குள் டிரம், குடம், அண்டா எல்லாம் நிரம்பியாக வேண்டும். பிறகு அந்த வீடுகளை இடித்து இந்தக் கட்டிடத்தைக் கட்டிக் கொடுத்தார்கள். மொட்டைமாடியில் தொட்டி, வீட்டுக்குள் குழாய், எப்போது திறந்தாலும் தண்ணீர். நாங்களோ டிரம்மையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்தோம். குழாயை நம்பி எவளாவது இருப்பாளா? தினமும் விடிந்ததும் பழைய தண்ணீரைக் கவிழ்த்துப் புதுத் தண்ணீர் பிடித்தோம். தொட்டி காலியாகும், மோட்டார் மறுபடியும் ஓடும்.

மைனி வீடு வீடாக ஏறி இறங்கி, டிரம்மைக் கவிழ்த்து வையுங்கள், ஒரு மாதம் பார்ப்போம் என்று கேட்டாள். அதுவரை லிஃப்டை நிறுத்துவதில்லை என்று அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். ஐந்தாம் மாடி அக்கா முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள்: "அண்ணனுக்கு லிஃப்ட் வேணும்ங்கதுக்காக எங்க புள்ளைக தண்ணியில்லாம கெடக்கணுமா?" மைனி அசரவில்லை. "ஆமா, அவியளுக்காகத்தான் கேக்கேன். பொய் சொல்ல வரல" என்றாள். முதலில் தன் வீட்டு டிரம்மைப் படிக்கட்டுப் பக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்து ஒவ்வொரு வீடாகக் கவிழ்த்தது. நானும் ஒன்றைக் கவிழ்த்தேன். இன்னொன்று என் குளியலறையில் பழைய சேலைக்குக் கீழே நிரம்பிக் கிடந்தது. அண்ணன் உயிருக்குப் போராடுகிறான், கூடப் பிறந்தவள் தண்ணீர் பதுக்குகிறாள். வெட்கக்கேடுதான், ஆனால் மனசு கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பெரிய ரோட்டில் குழாய் உடைந்தது. காலை பத்து மணிக்குள் தொட்டி வறண்டு, மொத்தக் கட்டிடமும் மைனி வீட்டு வாசலில் வந்து நின்றது. "இப்ப என்ன சொல்லுதிய?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். உள்ளே கட்டிலில் படுத்தபடியே அண்ணன், "அவள விட்டுருங்கப்பா, நான் படி ஏறிக்கிடுதேன்" என்றான். நாலு படி ஏறினாலே மூச்சு முட்டுகிற ஆள். அந்தக் குரலைக் கேட்டதும் கீழே ஓடிப்போய்ச் சேலையை உருவிப் போட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரோடு வந்தேன். "ஏட்டி, இது எங்கேருந்து?" என்றாள் மைனி. தலையைக் குனிந்துகொண்டு, "எங்கிட்ட ஒரு டிரம் இருக்கு மைனி" என்றேன். அப்புறம் ஐந்தாம் மாடி அக்கா, "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு" என்று முணுமுணுத்தாள். அண்ணாச்சி வீட்டில் இரண்டு! இப்படியே ஒன்பது டிரம் வெளியே வந்தது. மைனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அட, களவாணிகளா!" என்றாள். ஒன்பது டிரம்மை வைத்துக்கொண்டு தண்ணீர் திரும்ப வரும்வரை கட்டிடத்தின் பாடு ஓடியது.

அன்றைக்கே அவள் முடிவு சொன்னாள். மாடிக்கு ஒரே டிரம், மூடி போட்டு, எல்லோருக்கும் பொதுவாக. வீட்டுக்குள் எவரும் பிடித்து வைக்கக் கூடாது. எங்கள் பயம் போனதும் பழக்கமும் போனது. மோட்டார் நாளுக்கு ஒரு தடவை ஓடினால் போதும் என்றாயிற்று. அதைப் போட்டு, தொட்டி நிரம்பியதும் மறக்காமல் அணைக்கிற வேலையை மைனியே எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி காகிதத்தைக் கிழித்தார். அண்ணன் மத்தியானம் இரண்டு மணிக்கு லிஃப்டில் ஏறி வந்தான். ஒன்றரை வருடம் வந்தான்.

இப்போது நான் கல்யாண் நகரில் ஒரு புதுக் கட்டிடத்தில் மகளோடு இருக்கிறேன். இங்கே எல்லாம் தானாக ஓடுகிறது, எவர் அணைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கே அண்ணனை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலையில் மோட்டார் சத்தம் கேட்டது. அண்ணாச்சியாக இருக்கும் என்று இறங்கிப் போனேன். மைனி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை பொங்கியது. "இனிமே ஒங்களுக்கு எதுக்கு மைனி இதெல்லாம்? வேற யாராவது பாக்கட்டும்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எரிச்சலோடு சொன்னாள்: "ஏழாம் மாடி மருமவ மாசமா இருக்காள்லா? மத்தியானம் ஆஸ்பத்திரி போயிட்டு வந்தா அவ எப்படிட்டி ஏறுவா?"