மூடினால் திறக்காத பாட்டு

எங்கள் மர்பி டவுன் அப்பாதுரை நான்கு மாதமாகக் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அது ஓடுகிறது, இவர் அதற்குக் காவல் இருக்கிறார். கல்யாணம், சாவு எதற்கும் தெருமுனையைத் தாண்டுவதில்லை. கரண்ட் போனால் டீக்கடையில் பாதி டீயை வைத்துவிட்டு, இன்வெர்டர் எடுத்துக்கொண்டதா என்று பார்க்க ஓடுவார்.

பொம்மசந்திராவில் முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிடையர் ஆனவர். லீவு நாட்களில் வீட்டு முன்னறையில் ரெக்கார்டிங் செய்வார். அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவுக்கும் சர்ச் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் பாட்டு அங்கேதான் பதிவாகும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அதற்கென ஒரு சாஃப்ட்வேர் வாங்கினார். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் லைசென்ஸ் என்று போட்டிருந்தது. யாருடைய ஆயுள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது.

எந்தப் பாட்டையும் அவர் முடித்துவிட்டதாக நினைக்கமாட்டார். கேட்க ஒரு நகல் கொடுப்பார். ஆனால் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக உள்ளே வைத்திருப்பார். காரணம் நாங்கள்தான். எங்கள் தெருவில் சண்டை வந்தால் அடுத்த வாரமே ஒருவர் வந்து, "அந்தாளு குரல எடுத்துருண்ணே" என்பார். மைக் செட் தகராறில் என் குரலையும் எடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ராசியானதும் திரும்பச் சேர்த்தார்கள். அந்த இரண்டு வருஷம் அம்மன் பாட்டு என் குரல் இல்லாமல்தான் ஒலித்தது. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் நகல் எடுக்கவில்லை. அது அவர் மனைவி ரத்தினம்மாள் தானே கட்டிப் பாடியது. தையல்காரர் வீட்டு ஜாக்கெட் மாதிரி, சொந்த வேலைதானே என்று தள்ளித் தள்ளிப் போட்டார். பிறகு, நான்கு வருஷத்துக்கு முன், அந்த அம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. குரல் போய்விட்டது. இப்போது பேசுவதே காற்றாகத்தான் வரும்.

இந்த நிலையில்தான் அந்த சாஃப்ட்வேர் கம்பெனியை வேறொருவர் வாங்கினார். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு பழைய லைசென்ஸ் செல்லாது, மாதச் சந்தாவுக்கு வாருங்கள் என்று மெயில் வந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த சாஃப்ட்வேர், கம்பெனியிடம் இன்டர்நெட்டில் அனுமதி கேட்கும். இனி அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. திறந்திருந்தால் ஓடும், மூடினால் திறக்காது. சந்தா கட்டினாலும் புதியது இந்தப் பழைய ஃபைலைப் படிக்காது. தேதிக்கு முந்தின நாள் அப்பாதுரை மனைவியின் பாட்டைத் திறந்து வைத்தார். அதோடு சரி.

அல்சூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜாய்சன் தலையில் அடித்துக்கொண்டான். "சும்னே ஏண்ணே இந்த அவஸ்தை? ரெண்டு நிமிஷத்துல பாட்ட வெளிய எடுத்துரலாம்."

"தெரியும்பா. எடுத்துட்டா எல்லாரும் மூடச் சொல்வீங்க. மூடிட்டா அவ பாடி முடிச்சிட்டான்னு ஆயிடும்."

  முதல் சரணத்தில் ஓரிடத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டும். அன்றைக்கே நோய் இருந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று அந்த ஓரிடத்தையே ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு மனிதர் உருகிக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் மகள் தீபிகாவின் குழந்தைக்குக் காது குத்து. அதற்கும் அப்பாதுரை போகவில்லை. ரத்தினம்மாள் மட்டும் போய்விட்டு மத்தியானம் திரும்பினார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக முன்னறைக்கு வந்தார்.

"தாத்தா எங்கன்னு எல்லாரும் கேக்கறாங்க. கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்காருன்னு சொல்லவா?"

"கரண்ட் போயிட்டா, ரத்தினா…"

"போவட்டும். என் குரலையும் உள்ள வெச்சி பூட்டிக்கினு நீயும் உள்ளயே குந்திக்கினு இருக்க. எனக்கு உன்னப் பாக்கவே பயமா இருக்குது. இன்னிக்கு எடுத்துட்டு மூடிரு."

அவ்வளவு கோபமும் வெறும் காற்றாக வந்தது. கத்தியிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். மவுஸை நகர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு நிமிஷத்தில் பாட்டு தனி ஃபைலாக வந்துவிட்டது. நகலை என் போனுக்கும் அனுப்பிவிட்டு ஓடவிட்டார்.

நான்கு வருஷத்துக்குப் பிறகு ரத்தினம்மாள் தன் குரலைக் கேட்டார். முதல் சரணம் வந்தபோது அப்பாதுரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மூச்சு முட்டிய இடம் வந்து போனது. அந்த அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. உதடுகள் மட்டும் கூடவே அசைந்தன.

பாட்டு முடிந்தது. மனைவி சொன்னபடியே அப்பாதுரை சாஃப்ட்வேரை மூடப் போனார். ரத்தினம்மாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது சரணத்துல லேட்டா எடுத்திருக்கேன். அத மட்டும் சரி பண்ணிரு."

"அதான் வெளிய எடுத்தாச்சே, ரத்தினா."

"அது கிடக்கட்டும். இத மூடாத."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து வெளியே வரும்போது அந்த அம்மாதான் இன்வெர்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.