படிவத்தில் ஏறிய நல்ல தண்ணி

காலை 7.15. தூத்துக்குடி பழைய பேருந்து நிலையத்தில் வேம்பார் பேருந்தில் ஏறினேன். பையில் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்த இரண்டு காலிப் பாட்டில்கள். "என்ன அண்ணாச்சி, விடிஞ்சதும் காலிப் பாட்டிலா?" என்று நடத்துனர் சிரித்தார். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க எடுக்கப் போகிறேன் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

வழியெல்லாம் உப்பளம். தருவைக்குளம் வரை, திரும்பிப் பார்த்தால் துறைமுகத்துப் பக்கத்துப் புகைக்கூண்டுகள் தெரிந்தன.

நான் போனது கீழவைப்பாருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊர். பெயரை எழுதினால் அந்த ஊர் மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறார் அங்கே குடியிருக்கும் என் அண்ணன். நியாயம்தான். அவர் மனைவிக்கு, என் மதினிக்கு, பித்தப்பையில் புற்றுநோய்.

போன மாதம் ஆஸ்பத்திரிப் படிவத்தில் ஒரு கேள்வி: வீட்டில் குடிப்பது என்ன தண்ணீர்? மதினி "நல்ல தண்ணி" என்றார். இந்தக் கடற்கரையில் உப்புக் கரிக்காத தண்ணீரெல்லாம் நல்ல தண்ணிதான். அது ருசிக்கு வைத்த பெயர். எழுதிய வெளியூர்ப் பெண் 'சுத்தமான குடிநீர்' என்று போட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். நினைத்தால் இன்னும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பிறகு டாக்டரிடம் போய், வீட்டில் குடிப்பது கிணற்றுத் தண்ணீர் என்று சொன்னேன். "தண்ணியாலதான்னு சொல்ல முடியாது. பித்தப்பைக் கல்லு, வேற காரணங்களும் உண்டு. ஆனா கழிவும் உலோகமும் கலந்த தண்ணி மேலயும் சந்தேகம் இருக்கு. சோதிச்சுப் பாத்துருவோம்" என்றார்.

8.40. மதினி மஞ்சள் பூத்த கண்ணோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். பத்தாவது படிக்கும் மகளைக் காட்டி, "எனக்கு வந்தது வந்துட்டு, தம்பி. இவளும் அதே தண்ணியத்தான குடிக்கா?" என்றார்.

கிணற்றில் பாட்டில்களை நிரப்பினேன். தெளிந்த தண்ணீர், கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் மகள் எப்போதும்போல ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். நானும் பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"ஏளா, சித்தப்பாக்கு அதக் குடுக்காத. கடையில பாட்டில் தண்ணி வாங்கிட்டு வா" என்றார் மதினி.

அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை. "அப்போ நான் எதம்மா குடிக்க?"

மதினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

11.20. பேருந்து ஏறுமுன் அவர்கள் வீட்டுக்குத் தினமும் கேன் தண்ணீர் போடக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் என் வீட்டில் என் மகள் குழாயைத் திறந்து குடிக்கிறாள். இப்படி ஒரு கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை. இனிக் குடிக்கக் கேன் வந்துவிடும். அந்தப் பிள்ளை பதினைந்து வருஷமாகக் குடித்ததற்கு என்ன செய்ய?