மீனாச்சி கேட்டுக்கொண்டிருந்த கதவுப் பாட்டு

காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பு. அதில் கடைசி வீடு சின்னப்பா என்பவருடையது. ஒரே அறை, அடுப்படி வெளியே தாழ்வாரத்தில். டவுனில் தமிழ்ப் படம் ஓடும் கொட்டகையில் இசைத்தட்டு போடுவது அவர் வேலை. படம் தொடங்குவதற்கு அரை மணி முன்னால் தட்டைப் போட்டுவிடுவார். முகப்பில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக ஜாலான் பெண்டஹாரா தெரு முழுக்கக் கேட்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் அடுப்படி வரைக்கும் வரும்.

செட்டிக் கம்பத்து ஜனங்கள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள். திருநீறு பூசுவார்கள், மாரியம்மனுக்குக் காவடி எடுப்பார்கள். பல தலைமுறையாக இங்கேயே இருந்துவிட்டதால் வாயைத் திறந்தால் மட்டும் மலாய். சின்னப்பா ஒருவர் தமிழ் பேசுவார். கொட்டகையில் கற்ற தமிழ் என்பதால் பாதி வசனமாகத்தான் இருக்கும். நான் கோயிலுக்குப் பூக்கட்டுகிறவள். வாசலில் வந்து நின்று கேட்பார்:

"அம்மணி, தங்கள் திருக்கரத்தால் கட்டிய மல்லிகை கிடைக்குமா?"

"ராஜாவுக்கு முழமா, மாலையா?"

"ராணிக்குத்தான், பூங்காவனம் அக்கா. ராஜாவுக்கு ஏது முடி?"

ராணி என்பது அவர் பெண்சாதி மீனாச்சி. கெபாயாச் சட்டையும் பாத்தேக் கைலியும் உடுத்திய சின்ன உருவம். பிள்ளை இல்லை. தமிழ் ஒரு சொல் தெரியாது. அவளிடம் ஒரு பழக்கம் உண்டு: யாராவது வேடிக்கையாகப் பேசினால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அவள் சிரிப்பாள். தாமதமாக வரும், தனியாக வரும், நீளமாக வரும்.

பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா என்று சுதந்திர நாளை அறிவித்த வருஷம் அந்தச் சிரிப்புப் படம் வந்தது. செவிடு போல நடிக்கிற மாமியார், பொய் சொல்லியே பிழைக்கிற மருமகன், வீடு நிறைய மச்சான்கள் என்று ஒரு குடும்பக் கதை. ஒன்பது வாரம் ஓடியது. பாட்டுகளில் ஒன்று எங்கள் பக்கம் எல்லோர் வாயிலும் ஏறிவிட்டது. சீட்டாடிவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புகிறான் புருஷன். பெண்சாதி தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறாள். தபேலாக்காரர் மூன்று தட்டு தட்டுவார், கதவைத் தட்டுகிற மாதிரி. கிளாரினெட் கெஞ்சும். ஆர்மோனியம் படிக்கட்டில் தடுக்கி விழுவது போல இறங்கி ஓடும். உள்ளேயிருந்து அவள் சிரிப்பாள். மறுபடியும் மூன்று தட்டு, மறுபடியும் சிரிப்பு. அத்தோடு தட்டு முடிந்துவிடும்.

மீனாச்சி இந்தப் பாட்டை முழுசாகப் பாடுவாள். அர்த்தம் தெரியாமல், சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு. மிளகாய்ச் சம்பால் இடிக்கும்போது உலக்கையால் அந்த மூன்று தட்டையும் போடுவாள். கதையைப் புருஷன் சொல்லித் தெரிந்திருந்தாள். முடிவுதான் தெரியாது.

"அக்கா, அவ கதவத் தொறந்தாளா இல்லையா?" என்று என்னிடம் மலாயில் கேட்பாள்.

"நான் கொட்டகைப் பக்கமே போனதில்லையேம்மா. உன் புருஷனைக் கேளு."

"கேட்டா, நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன், நீயே பாருங்கிறாரு."

ஒன்பது வாரமும் அந்த 'நாளைக்கு' வரவில்லை. படப்பெட்டி சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

அதற்குள் அவர்களுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. சாயங்கால ஆட்டத்துக்குத் தட்டுப் போட்டுவிட்டு சின்னப்பா சாப்பிட வருவார். மீனாச்சி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அவர் மூன்று தட்டு தட்டுவார், அவள் சிரிப்பாள், அவர் வசனம் பேசிக் கெஞ்சுவார், பிறகு திறப்பாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேடிக்கை பார்ப்போம்.

மறுவருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் தட்டினார். சிரிப்பு வரவில்லை. "தேவி, கோபமா?" என்றார். இன்னும் மூன்று தட்டு. நாங்கள் இந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும் சிரித்தேன். மண்டி போட்டுக் கெஞ்சினார், பாதிப் பாட்டைப் பாடினார். பத்து நிமிஷமாவது இருக்கும். பிறகு அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். தோளால் மோதியதில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு கதவு திறந்தது. உள்ளே பாயில் மீனாச்சி சுருண்டு கிடந்தாள். இரண்டு நாள் காய்ச்சல்தான். உடம்பு சில்லிட்டிருந்தது.

பிய்ந்த தாழ்ப்பாளை அவர் சரிசெய்யவில்லை. ஒற்றை ஆணியில் தொங்கியபடியே விட்டுவிட்டுக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டார். மெர்டேக்கா வந்தது, கம்பம் முழுக்கக் கொடி கட்டினோம். அவர் வீடு மட்டும் சும்மா சாத்திக் கிடந்தது.

புரட்டாசியில் ஒரு காலை என்னிடம் வந்தார். வசனம் இல்லை.

"அக்கா, அந்தத் தட்டு போட்டா, பாட்டுல அந்தப் பொம்பள சிரிக்கிறால்ல, அது முடிஞ்சப்புறம் இன்னொரு சிரிப்பு வருது. லேட்டா."

"தட்டுல கீறல் இருக்கும் சின்னப்பா."

"கீறல் சிரிக்குமா அக்கா?"

ஆத்தாவுக்கு விளக்குப் போடச் சொன்னேன்.

தை பிறப்பதற்கு முதல் நாள் செட்டிக் கம்பத்தில் பார்ச்சு வைப்பார்கள். செத்துப்போனவர்களுக்கு வாழையிலையில் படையல். அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, உடுத்திய துணியை மடித்து வைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவைப்பது வழக்கம். யாரும் பேசக்கூடாது, சத்தமே கூடாது. பிறகு வீட்டுக்குப் பெரியவர் மூன்று முறை தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். சாப்பிடுகிறவர்கள் திடுக்கிடக்கூடாது அல்லவா.

மீனாச்சிக்கு அது முதல் பார்ச்சு. பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து சின்னப்பாவின் அக்கா அஞ்சலை சமைக்க வந்திருந்தாள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோறு, மீன் சம்பால், முட்டை. இலைக்குப் பக்கத்தில் பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர், மடித்த பச்சைக் கெபாயா. மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில்.

"இன்னிக்கு வந்து சாப்பிட்டாள்னா, நீ நேரத்துல கதவ உடைக்காததை மன்னிச்சிட்டாள்னு அர்த்தம். வரலேன்னா நீ இந்த வீட்டுல குடியிருக்க முடியாது. வித்துட்டு எங்கூட வந்துடு" என்றாள் அஞ்சலை, மலாயில்.

சின்னப்பா கொட்டகை மானேஜரிடம் கேட்டு வாங்கிவந்த பழைய பாட்டுப்பெட்டியை இலைக்கு எதிரே வைத்தார். துண்டில் சுற்றியிருந்த தட்டை எடுத்தார்.

"உனக்குப் பைத்தியமா? பார்ச்சுல சத்தம் கூடாதுன்னு தெரியாது?"

"அவளுக்குப் பிடிச்சதைத்தானே வைக்கச் சொன்னே. அவளுக்குச் சம்பாலைவிட இதுதான் பிடிக்கும்."

கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

பாட்டு தொடங்கியது. உள்ளே ஆளில்லாத வீட்டிலிருந்து மூன்று தட்டு கேட்டது. வழக்கமாக வெளியிலிருந்துதான் அந்தக் கதவைத் தட்டுவார்கள். இப்போது உள்ளிருந்து எங்களைப் பார்த்துத் தட்டினாற்போல இருந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு, கெஞ்சல், மறுபடியும் தட்டு, சிரிப்பு. பாட்டு முடிந்தது. ஊசி வெறும் பள்ளத்தில் சுற்றுகிற சர்ர் சத்தம் கொஞ்ச நேரம். பிறகு அதுவும் நின்றது.

மறுபடி முதலிலிருந்து பாட்டு ஆரம்பித்தது.

அந்த மாதிரிப் பெட்டியில் ஊசியை ஒருவர் தூக்கி வைத்தால்தான் உண்டு. இந்த முறை சாவி இறங்கிப்போய்ப் பாட்டு இழுத்தது. கிளாரினெட் முனகியது. அந்தப் பெண்ணின் குரல் தடித்து ஆண் குரல் போல ஆகி, சிரிப்பு ஒவ்வொன்றாகப் பிய்ந்து பிய்ந்து வந்தது. நடுவில் நின்றேவிட்டது. அப்புறம் கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டது. கிர், கிர், கிர் என்று நிதானமாக, அவசரமில்லாமல். மூன்றாம் முறையாகப் பாட்டு தெளிவாகத் தொடங்கியது.

நான் மாரியம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "தட்டுடா, திறந்துடு" என்றாள் அஞ்சலை, உதடு மட்டும் அசைய.

சின்னப்பா மூன்று முறை தட்டினார். தள்ளினார். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்தும் அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்த மாதிரி இருந்தது. அதுதான் பிய்ந்து ஒரு வருஷமாகத் தொங்குகிறதே.

பாட்டு முடிந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார். மலாயில்தான் பேசினார்.

"மீனா, ஒம்போது வாரம் ஓடுச்சு, உன்னைக் கூட்டிட்டுப் போகல. நேரமில்லாம இல்ல. கெபாயா கட்டிட்டு நீ வந்தா, டிக்கெட் கிழிக்கிறவங்க மலாய்க்காரியக் கட்டிட்டியான்னு கேப்பாங்க. வெக்கமா இருந்துச்சு. தமிழ் பேசற கூட்டத்துல நான் அவங்க ஆளு மாதிரி நடிச்சிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னா நடிக்க முடியாது. அதான் நாளைக்கு நாளைக்குன்னேன்."

நெற்றியை எடுக்காமலே தொடர்ந்தார்.

"நீ கேட்டியே, அவ தொறந்தாளா இல்லையான்னு. தொறந்தா மீனா. அது தட்டுல இல்ல, படத்துல இருக்கு. கடைசியில கதவத் தொறந்து, ஒரு செம்புத் தண்ணிய அவன் தலையில ஊத்துவா. அதுக்குத்தான் கொட்டகையே சிரிச்சுச்சு."

பாட்டுப்பெட்டி நின்றுவிட்டது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் தினம் சாமி கும்பிடுகிறவள், பொய் எழுதினால் ஆத்தா கேட்பாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. தாமதமாக, தனியாக, நீளமாக. பிறகு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

கதவு தானாக ஒரு சாண் திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. தாழ்ப்பாள் ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஊசிக்கை தூக்கி அதன் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. இலையில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது. "சாப்பிடலையே" என்று அஞ்சலை அழத் தொடங்கினாள். நான் செம்பைக் காட்டினேன். நிறைய வைத்த தண்ணீர், ஒரு சொட்டு இல்லை.

நிலைப்படிக்கு உட்புறம் தரை நனைந்திருந்தது. வெளியே அவர் தலை சாய்ந்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி.

சின்னப்பா அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கொட்டகைத் தமிழில், மெல்ல, அந்தக் கெபாயாவைப் பார்த்துச் சொன்னார்:

"தேவி, குறி தப்பிவிட்டது."

அன்றிலிருந்து அவர் வீட்டில்தான் இருக்கிறார். தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் இலையருகே கெபாயாவோடு வைக்கிறார், பெட்டி இல்லாமல். தாழ்ப்பாளை மறுநாளே புது ஆணி அடித்துச் சரிசெய்துவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "அவளுக்கு வேணுமே அக்கா" என்றார்.